கதவில் ஒட்டிய ஐம்பத்தாறு கட்டங்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் பொன்னையா ஒரு நாய்க்குட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பைக்குள்! அந்த அளவுதான் இருந்தது. பெக்கோக் ஊரில் ஒரு சீனர் கடைக்குப் பின்னால் ஐந்து குட்டி கிடந்ததாம். இவர் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுக்கு எத்தன நாளு?" என்று கேட்டேன். "ஒரு மாசம் இருக்கும் லா, மாமா. இப்பவே எடுத்தாத்தான் நம்மகூட நல்லா ஒட்டும்னு கடைக்காரரு சொன்னாரு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. தெருவே வெளியே வந்து பார்க்கும்படி கத்தினேன். பாவம், மனிதர் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழித்தபடி நின்றார். மறுநாள் வந்து, "மாமா, நீங்க காலம் பூரா நாயோட இருந்தவரு. எத்தன நாள்ள எடுக்கணும், எப்படி வளக்கணும்னு எழுதித் தாங்களேன். எங்க டிப்போல நாலு பேரு படிப்பாங்க" என்றார். உள்ளே கருவாடு கழுவிக்கொண்டிருந்த என் மனைவி பிலோமினா அதைக் கேட்டுவிட்டு, "எழுதுங்க. ஆனா எழுதுனா முழுசா எழுதுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பொன்னையாவுக்கு வேண்டியது பாதிதான். மீதியையும் அவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

மலாயாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. சிகாமட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரப்பட்டை வெட்டினேன். இரண்டு வருடம் வெட்டியும் சரியாக வெட்ட வரவில்லை. பட்டையைக் காயப்படுத்துகிறேன் என்று கங்காணியிடம் தினம் வசவு. ஒருநாள் பெரிய துரையின் வேட்டை நாய் ஒன்று முள்கம்பியில் மாட்டிக்கொண்டு யாரையும் கிட்டே விடாமல் கடித்தது. நான் போய் என் தலைத்துண்டை அதன் கண்மேல் போட்டுத் தூக்கி எடுத்தேன். மறுநாளே கத்தியைப் பிடுங்கிக்கொண்டு என்னை நாய்க்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு தோட்டத்தில் என் பெயர் நாய்க்காரச் சவரிமுத்து. வேலை கற்றுக்கொண்டதெல்லாம் கடி வாங்கித்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெரிய துரையைப் பற்றி எழுத வேண்டும். அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் அபூர்வம். முழங்கால் வரை காலுறை, காதில் ஒரு சிவப்புப் பென்சில், பேச்சில் தோட்டத்துத் தமிழ். நாயைத் தொடுவதற்கு முன் தன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் நாய் திடுக்கிடுமாம். அப்படிப்பட்ட மனிதர்.

அவரிடம் டெய்ஸி என்று ஒரு நாய் இருந்தது. நீளக் காது, பழுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு. அதன் குட்டிக்கு மற்றத் தோட்டத்துத் துரைமார்கள் இரண்டு வருடம் முன்னாலேயே சொல்லி வைப்பார்கள். டெய்ஸி குட்டி போட்டதும் துரை ஒரு தாளில் ஐம்பத்தாறு கட்டம் போட்டுக் குட்டியறைக் கதவில் ஒட்டுவார். தினம் விடிந்ததும் நான் ஒரு கட்டத்தில் சிவப்புக் கோடு போட வேண்டும். எட்டு வாரம். அதற்கு முன் ஒரு குட்டியும் வாசல் தாண்டாது.

அந்த எட்டு வாரமும் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பொன்னையா, இது உங்களுக்கு. குட்டிகள் இருக்கும்வரை என்னைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது. துரைசானியும் போகக்கூடாது, துரையும் போகமாட்டார். வாசலில் பினாயில் தண்ணீர் ஊற்றிய தட்டு இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்து விழும். நான்காவது வாரம் ஆட்டுப்பாலில் விரலை நனைத்து நக்கக் கொடுப்பேன். பிறகு குழைந்த சோறு, அதன் பிறகு கொத்திய இறைச்சி. நக்கிக் குடிக்கிறதே, இனி தாய் எதற்கு என்று நினைப்பவன் முட்டாள். ஐந்து, ஆறு, ஏழாவது வாரத்தில்தான் குட்டி படிக்கிறது. ஒன்றையொன்று கடிக்கும். கடி பலமாகிப் போனால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும். தாயும் ஒரு அதட்டுப் போடும். எவ்வளவு கடிக்கலாம் என்று அப்போதுதான் அதற்குத் தெரியும். முன்னாலேயே பிரித்துக் கொண்டுபோன குட்டி பிற்பாடு வீட்டுக்காரன் கையையே பதம் பார்க்கும், தனியாக விட்டால் ஊளையிடும்.

தாயையும் ஒரேயடியாகப் பிரிக்கக்கூடாது. முதலில் ஒரு மணி நேரம் வெளியே கட்ட வேண்டும், பிறகு இரண்டு, பிறகு அரை நாள். தீனியையும் மெல்லக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் கட்டிக்கொண்டு மடி கல்லாகிவிடும், காய்ச்சல் வரும். கடைசி வாரம் குட்டிக்கு ஒன்றாகப் பழைய துணித் துண்டுகளைத் தாய் படுக்கும் சாக்கின்மேல் விரித்து வைப்பேன். ஐம்பத்தாறாம் நாள் முடிந்து குட்டி போகும்போது அந்தத் துணியும் கூடையில் போகும். புது இடத்தில் தாயின் வாசனை இருந்தால் குட்டி அழாது.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். எனக்கு அதில் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் மூத்தவன் மிக்கேல் பிறந்தபோது டெய்ஸிக்கு அது இரண்டாவது ஈற்று. அதன் குட்டிகளுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிலோமினா பால்மரம் வெட்டுகிறவள். சட்டத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்றவள் முப்பது நாள் கழிந்ததும் பெரட்டில் நிற்க வேண்டும். பெரட்டு என்பது விடியுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வராதவளுக்கு வேலைப் பட்டியலில் பெயர் போய்விடும். பெயர் போனால் லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், கொடுத்த வீடும் போய்விடும். பிள்ளையை ஆலைக்குப் பக்கத்திலிருந்த ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆயா. டின் பாலை வெந்நீரில் கரைத்துப் புகட்டுவாள். சர்க்கரை போட்ட கெட்டிப் பால்.

அந்த நாட்களில் ஒருநாள் ஆட்டுப்பால் வரத் தாமதமானது. நான் பங்களாச் சமையலறையில் மிச்சமிருந்த டின் பாலைக் கரைத்துக் குட்டிகளுக்கு வைத்தேன். துரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "சர்க்கரைப் பால்! மடையன்! குட்டிக்கு வயிறு போயிடும், செத்துப் போயிடும்! ஆட்டுப்பால், ஆட்டுப்பால் மட்டும்!" என்று குதித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் பிலோமினாவிடம் நடித்துக் காட்டினேன். துரை மாதிரியே கையை ஆட்டி, "சர்க்கரைப் பால்! மடையன்!" என்று குதித்தேன். அவள் மிக்கேலை மடியில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று பகல் முழுவதும் அந்தப் பாலைத்தான் ஆயா அவனுக்குப் புகட்டியிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை. நாய்க்கு ஆகாதது மனிதனுக்கு ஆகும் என்று நினைத்தோமோ, துரையின் ஸ்டோரிலிருந்து வருவது கெட்டதாக இருக்காது என்று நினைத்தோமோ, என்ன எழவை நினைத்தோமோ!

மிக்கேலுக்கு வயிறு போனது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஒரு சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். நாற்பத்தேழாம் நாள் காலையில் அவன் போய்விட்டான். அவனை ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மேட்டில் புதைத்துவிட்டு நேராக நாய்க்கொட்டகைக்குப் போனேன். குட்டிகளுக்குத் தீனி வைத்தேன். கதவில் அன்றைய கட்டத்தில் சிவப்புக் கோடு போட்டேன். பென்சில் கையில் இருக்கும்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஐந்து குட்டியும் கொழுகொழுவென்று என் காலைச் சுற்றி விளையாடின.

மூன்று வருடம் கழித்து மகள் லூர்து பிறந்தாள். அவள் பிறந்த மூன்றாம் நாள் டெய்ஸியும் குட்டி போட்டது. இருபத்தைந்தாம் நாள் கங்காணி லயத்துக்கு வந்து, "பிலோமினா, முப்பது நாளு முடிஞ்சதும் பெரட்டுல நில்லு, தெரியும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் என்னைப் பார்த்து, "இவள நான் அந்தக் கொட்டாயில போட மாட்டேன். நீங்க தொரைகிட்ட கேளுங்க. ஒங்க மேல அவருக்குப் பிரியந்தானே?" என்றாள்.

கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சின்ன துரை ஒருவர் குட்டி கேட்டு வந்தார். அவருக்கு மாற்றல் ஆகியிருந்தது, அடுத்த வாரமே குட்டி வேண்டும் என்றார். எங்கள் துரை தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதில் பாதி எனக்குப் புரிந்தது. நாலு வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பது கொடுமை, நான் மனிதனாக இருக்கும்வரை அதைச் செய்யமாட்டேன் என்றார். சின்ன துரை முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் வராது என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டேன்.

"தொரை, எங்க புள்ளைக்கு முப்பது நாளு முடியப் போகுதுங்க. டெய்ஸிக்குக் குடுக்குற நாள எம் பொஞ்சாதிக்கும் குடுங்க. அது போதும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். "நாய்க்குச் சொன்னா புரியாது, சவரி. அது குட்டியத் தேடும், பயப்படும். உன் பொம்பளைக்குச் சொன்னா புரியும். அதான் வித்தியாசம். ஆயாக்கொட்டகை இருக்கு, பால் டின் இருக்கு." சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு டெய்ஸியின் தலையைத் தடவப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. பிலோமினா பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தக் குட்டியறைக்குள்ள ஒங்களத் தவிர யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னீங்கள்ல?" என்று கேட்டாள்.

அவள் வெட்டும் மர வரிசை பங்களா மேட்டுக்குக் கீழேதான் இருந்தது. மரம் வெட்டி முடித்தபின் மரத்தில் கட்டிய மங்குக் குவளையில் பால் நிறையும்வரை வெட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் அவளால் நாய்க்கொட்டகைக்கு ஓடிவந்துவிட முடியும். குட்டியறைக் கூரைக் கட்டையில் சாரோங்கால் தொட்டில் கட்டினேன். முப்பத்தோராம் நாள் விடியுமுன் லூர்து அதில் தூங்கினாள், பிலோமினா பெரட்டில் நின்றாள். ஆயாவிடம், பிள்ளையை லயத்தில் ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லிவிட்டோம்.

முதல் நாள் டெய்ஸி உறுமியது. இரண்டாம் நாள் மோந்து பார்த்தது. மூன்றாம் நாள் பிலோமினா பால் கொடுக்க உட்கார்ந்தபோது அதுவும் அவள் காலடியில் படுத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. அந்தத் தோட்டம் முழுவதிலும் பெற்றவளை யாரும் விரட்டாத இடம் அந்த ஒன்றுதான். அது ஒரு நாய்க்கொட்டகை. இதை நினைத்து நெகிழ வேண்டாம். இது நெகிழ்கிற விஷயம் இல்லை, வெட்கப்படுகிற விஷயம்.

குட்டிகளுக்கு நாற்பத்து நாலாம் நாள், லூர்துவுக்கு நாற்பத்தாறு. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. துரை புழுமருந்தைக் கொடுத்துவிட்டுப் போக வாசல்வரை வந்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தும்மிவிட்டு அழுதாள். துரை என்னைப் பார்த்தார். கதவைத் திறந்தார்.

பிலோமினா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால்கத்தி பக்கத்தில் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவருடைய முதல் கேள்வி என்ன தெரியுமா? "பினாயில்ல கால் வெச்சாளா?"

"வெச்சேன் தொரை. தெனமும் வெச்சேன்" என்றாள் பிலோமினா.

"வெளிய வா. பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை. கங்காணி உனக்குச் சொல்லல?"

"சொன்னாங்க. நீங்களும் சொல்லியனுப்புனீங்க. நாய்க்குச் சொன்னா புரியாது, எனக்குச் சொன்னா புரியும்னு சொன்னீங்களாம்ல? எனக்கும் புரியலைங்க, தொரை." சொல்லிவிட்டுப் பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டாள்.

துரை ஓரடி உள்ளே வைத்தார். டெய்ஸி எழுந்து நின்று பல்லைக் காட்டி உறுமியது. பழக்கப்பட்ட எஜமான், அவரையே பார்த்து உறுமியது. அவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, சத்தமே வராமல் கதவைச் சாத்தினார். பால் கொடுக்கிற தாய் மிரண்டால் பால் வற்றிவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். டெய்ஸியின் பாலுக்காகத்தான் கதவைச் சாத்தினார். எங்களுக்காக இல்லை.

வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இப்ப ஆள் மாத்தினா நாய் பயப்படும். நாய் அவகிட்டயும் பழகிடுச்சு. அம்பத்தாறு வரைக்கும் இருங்க. அப்புறம் ரெண்டு பேரும் தோட்டத்த விட்டுப் போயிடணும்."

அன்று சாயங்காலம் நான் இடிந்து உட்கார்ந்திருந்தேன். வேலை போனது, வீடு போனது. பிலோமினா லூர்துவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு நாப்பத்தேழு" என்றாள். மறுநாள் வேலைக்குப் போனவள் எப்போதும் வருகிற நேரத்துக்கு முன்பே மூச்சு வாங்க ஓடிவந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாள். லூர்து காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். நாற்பத்தெட்டு வந்தது. நாற்பத்தொன்பது வந்தது.

ஐம்பத்தாறாம் கட்டத்தில் கோடு போட்ட மறுநாள் மூன்று துரைமார்கள் கூடையோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எங்கள் துரை ஒரு தாள் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு வேளைத் தீனி, முதல் வாரம் தனியாக விடக்கூடாது, துணியைத் துவைக்கக்கூடாது என்று அதில் இருந்தது. நான் குட்டிகளைத் துணியோடு கூடையில் வைத்துக் கொடுத்தேன். கடைசியாக எனக்கும் ஒரு தாள் கொடுத்தார், வேலை நீக்கிய தாள். "நீ நல்ல நாய்க்காரன், சவரி" என்று கை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த ஒரே மரியாதைக் குறைவு அது. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம்.

ரயிலடிக்குப் போகிற வழியில் பிலோமினா மேட்டுப் பக்கம் திரும்பினாள். லூர்துவை என்னிடம் கொடுத்துவிட்டு மிக்கேலை வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு மரச்சிலுவைதான், அதுவும் பாதி உளுத்துப்போயிருந்தது. கொட்டகையில் பால் கொடுக்கும்போதெல்லாம் உடுத்தியிருந்த சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு முழம் கிழித்தாள். அதை மடித்துச் சிலுவைக்கு அடியில் மண்ணைத் தோண்டி வைத்து மூடினாள்.

"என்ன புள்ள இது?" என்றேன்.

"குட்டிங்களுக்குக் குடுத்து அனுப்புனீங்கள்ல" என்றாள். "இவனுக்கு யாரும் குடுத்தனுப்பல."

அதற்குப் பிறகு சிகாமட் பட்டணத்தில் நாய்களுக்கு லைசென்ஸ் தகடு மாட்டுகிற வேலை கிடைத்து, அதிலேயே வயதாகி ஓய்வு பெற்றேன். அதில் எழுத ஒன்றுமில்லை. லூர்துவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கதவிலிருந்து நான் கிழித்துக்கொண்டு வந்த தாளை ஒரு வெள்ளத்தில் ஆறு கொண்டுபோய்விட்டது.

பொன்னையா, உங்கள் கேள்விக்குப் பதில் ஐம்பத்தாறு நாள். உங்கள் குட்டிக்கு இன்னும் ஏறக்குறைய இருபது நாள் பாக்கி இருக்கிறது. இன்றைக்கே பஸ்ஸில் பெக்கோக்குக்குக் கொண்டுபோய் அதன் தாயிடம் விட்டுவிட்டு வாருங்கள். போகும்போது கையில் ஒரு துணி கொண்டுபோய் அந்தத் தாய்நாய் படுக்கிற இடத்தில் போட்டுவிட்டு வாருங்கள்.